முதல் கை பேசாது

என் தம்பி குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர். ஆஸ்பத்திரியில் அவனுக்கு 'பாக்கலாம் டாக்டர்' என்று பெயர். நர்சுகள் வைத்தது. பெற்றோர் எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். சாதாரணமாக ஒருவர் 'பாக்கலாம்' என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். வேலை கேட்டு வந்தவனுக்கும் பெண் கேட்டு வந்தவனுக்கும் நாம் அப்படித்தான் பதில் சொல்லி அனுப்புகிறோம். தம்பி சொன்னால் நிஜமாகவே பார்ப்பான். சில மாதம் கழித்து அதே குழந்தையை வரவழைத்து, அதே மேசையில், அதே விளக்கின் கீழ் படுக்க வைத்துப் பார்ப்பான். திருப்தி இல்லையென்றால் இன்னும் சில மாதம்.

எனக்குப் படிப்பு மண்டையில் ஏறவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனேன், இன்றும் அதே வேலைதான். தம்பியின் ஆஸ்பத்திரி லிஃப்டுகளும் என் பொறுப்பில் இருப்பதால் அவன் அறையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாடியில் நடைபாதை முடிகிற இடம். ஒரு மேசை, அதன் மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக இழுத்து விரிக்கும் காகிதம், கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, சுவரோரம் கை கழுவும் தொட்டி. குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் கைகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வான். உயரம் குறைந்த முக்காலியில்தான் உட்காருவான். "நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாமே சின்னதாத் தெரியும்" என்பான்.

அவனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்துக்காக வருகிறவர்கள். ஆண் குழந்தைக்கு முன்தோல் நீக்கும் சிகிச்சை. அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பெயர். சுன்னத் என்பார்கள், விருத்தசேதனம் என்பார்கள், சிலர் பெயரே சொல்லாமல் குரலைத் தாழ்த்தி 'அது' என்பார்கள். செய்து முடித்துப் போனவர்கள் சில மாதங்களில் திரும்ப வருவார்கள். "டாக்டர், தோல் மிச்சம் இருக்கற மாதிரி இருக்கே. சரியா எடுக்கலையா? இன்னொரு தடவை எடுக்கணுமா?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு டாக்டர்களிடமே ஒரே பதில் கிடையாது என்பதைத் தம்பி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கட்சி சொல்வது இது: தோல் அதிகமாகத் தங்கிவிட்டால் அடியில் அழுக்குச் சேரும், அடிக்கடி புண்ணாகும், ஒட்டிக்கொள்ளும். பெற்றோருக்கும் நிம்மதி இருக்காது. சின்ன வயதிலேயே திரும்பச் செய்துவிட்டால் குழந்தைக்கு நினைவுகூட இருக்காது. மற்றக் கட்சி சொல்வது: கொழுகொழு குழந்தைக்கு அடிவயிற்றுக் கொழுப்பு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பதால் உறுப்பு உள்ளே அமுங்கித் தெரிகிறது, தோல் மட்டும் வெளியே மிச்சமாகத் தெரிகிறது. விரலால் கொழுப்பை அழுத்திப் பார்த்தால் பல குழந்தைகளுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். நடக்க ஆரம்பித்து உடம்பு இறங்கினால் தானே சரியாகிவிடும். அதற்கு முன்னால் அவசரப்பட்டு வெட்டினால் பிற்பாடு தோல் போதாமல் போகலாம், தழும்பு இறுகலாம். மயக்க மருந்து வேறு.

தம்பி இரண்டாவது கட்சி. முதல் கட்சியில் அவனோடு வேலை செய்யும் ஒரு பெண் டாக்டர். தம்பியைவிட இளையவர், கை சுத்தம், பேச்சு வேகம். நர்சுகள் அவரையும் விட்டுவைக்கவில்லை. அவருக்கு 'முடிச்சிரலாம் டாக்டர்' என்று பெயர். பக்கத்துப் பக்கத்து அறை. ஒரே குழந்தையை இருவரிடமும் காட்டிவிட்டு இரண்டு பதிலோடு தலையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கும் தகப்பன்களை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தச் சண்டையில் தம்பி செய்த காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் சிகிச்சை செய்த டாக்டரே, இரண்டாவது தேவையா இல்லையா என்று முடிவு செய்வது சரியில்லை என்று அவனுக்கு வெகுநாள் உறுத்தல். தன் வேலையில் குறை இருந்தால் ஒருத்தன் மூடி மறைக்கப் பார்ப்பான், இல்லாவிட்டால் வெட்கப்பட்டு அவசரமாகத் திரும்ப வெட்டுவான் என்பது அவன் எண்ணம். அதனால் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். இரண்டாவது சிகிச்சைக்கு வரும் குழந்தைகளைப் பற்றி வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். பெற்றோரும் இருக்கலாம். முதலில் செய்த டாக்டர் அந்த அறையில் இருக்க வேண்டும், ஆனால் வாதாடக் கூடாது. அவருடைய கட்சியையும் எதிர்க்கட்சி டாக்டரே எடுத்துச் சொல்ல வேண்டும். 'முதல் கை பேசாது' என்று அதற்குப் பெயராகிவிட்டது. ஆரம்பத்தில் யாரும் சம்மதிக்கவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் பெரியவர், "இப்படி ஒரு பேச்சு நடக்காம இனிமே ஒரு குழந்தையையும் நான் தூங்க வைக்க மாட்டேன்" என்று சொன்ன பிறகு எல்லோருக்கும் வேறு வழியில்லை. அவர் கையில்தானே சாவி.

எங்களுக்கு ஒரே தங்கச்சி, கடைக்குட்டி. வங்கியில் வேலை. அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வந்தால் வருவார். அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பூசணிக்காய் போலிருப்பான், அதனால் அவனைப் பூசணி என்றே கூப்பிட்டோம். பிறந்த சில மாதங்களிலேயே சிறுநீரில் கிருமி சேர்ந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல். முன்தோலை எடுத்துவிட்டால் நல்லது என்று முடிவாயிற்று.

யார் செய்வது என்று பேச்சு வந்தபோது தங்கச்சி, "சின்னண்ணா இருக்கும்போது வேற யாரு?" என்றாள்.

தம்பி தயங்கினான். "சொந்தக்காரன் கத்தி எடுக்கக் கூடாதும்மா. பக்கத்து ரூம் டாக்டர் நல்லாப் பண்ணுவாங்க."

"அவங்க நல்லாப் பண்ணுவாங்க, நீங்க மாமனாப் பண்ணுவீங்க" என்றாள் அவள். நானும் தலையாட்டினேன். அடுத்த காய்ச்சல் வருவதற்குள் செய்ய வேண்டியிருந்தது. தம்பி செய்தான்.

காய்ச்சல் நின்றது. பூசணி மேலும் உருண்டான். தவழ ஆரம்பித்தான். அப்போதுதான் தங்கச்சியின் மாமியார் பேரனைக் குளிப்பாட்டும்போது கவனித்தார்.

"என் பெரிய பொண்ணு பிள்ளைக்கும் பண்ணினாங்க, இப்படி இல்லையே. இவனுக்குப் பண்ணின மாதிரியே தெரியலையே" என்றார்.

தங்கச்சி முதலில் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் அதையே மாமியார் மறுபடி சொன்னார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தங்கச்சி தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி ஒரு விடுமுறை நாளில் தங்கச்சி வீட்டுக்கு வந்தான், நானும் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, குழந்தையை மடியில் போட்டுப் பார்த்தான். குழந்தை அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. இரண்டு விரலால் அழுத்திக் காட்டினான். "பாருங்க அத்தை, எல்லாம் சரியாத்தான் இருக்கு. உடம்பு பெருத்திருக்கான், அவ்வளவுதான். லேசா ஒட்டியிருக்கு, அது தானா விட்டுரும். குளிப்பாட்டினதும் மெதுவாப் பின்னால தள்ளி வாசலின் தடவுங்க."

"திரும்பப் பண்ண வேணாமா?"

"பாக்கலாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். "உங்க தம்பி வேலையை உங்க தம்பிதான் நல்லா இருக்குன்னு சொல்றாரு. எங்க வீட்டுலயும் சமைக்கிறவதான் ருசி சொல்றது."

தம்பி எழுந்து போனான். கழுவுதொட்டியில் கை கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு தங்கச்சியிடம், "அத்தை சொல்றது சரி. நான் சொல்லி எடுபடாது. பக்கத்து ரூம்ல காட்டு. அவங்க வேணும்னா கூட்டத்துல வைக்கட்டும்" என்றான்.

"அவங்க வெட்டணும்னுதானே சொல்வாங்க?"

"சொல்லட்டும்."

"இவனை மறுபடி மயக்கம் குடுத்துப் படுக்க வைக்கணுமா, சின்னண்ணா? போன தடவையே கண்ணு திறக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்ல."

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. வேண்டாம் என்று சின்னண்ணன் சொன்னால் மாமியாரை எதிர்த்து நின்றிருப்பாள். அந்த வார்த்தையைச் சொல்லாமலே அவன் கிளம்பிப் போனான். அவள் அன்றைக்குத் தன் தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

'முடிச்சிரலாம் டாக்டர்' குழந்தையைப் பார்த்தார், கூட்டத்தில் வைத்தார். நாள் குறித்தார்கள். தங்கச்சி வீட்டுக்காரர் கடலில் இருந்ததால் நான் போனேன். மாமியாரும் வந்தார், வராமல் இருப்பாரா.

சின்ன அறை. நீள மேசை, கால் ஆடும் நாற்காலிகள், வெள்ளைப் பலகையில் யாரோ அழித்தும் அழியாத சிவப்புக் கோடுகள். தம்பி சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தான். மயக்க மருந்துப் பெரியவர் வாயில் மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொண்டு நடுவில் இருந்தார். குழந்தை தங்கச்சியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"முதல் கை யாரு?" என்றார் பெரியவர், தெரியாதது போல.

"நான்" என்றான் தம்பி.

"அப்ப நீங்க பேச மாட்டீங்க."

மாமியார் நிமிர்ந்தார். "அவரு பேசாட்டி வேற யாரு பேசுவா? பண்ணினவருக்குத்தானே தெரியும்?"

"அதுக்குத்தாம்மா பேசக் கூடாதுங்கறோம்" என்றார் பெரியவர். மாமியாருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் டாக்டர் எழுந்தார். முதலில் தன் கட்சி. "மிச்சத் தோல் இருக்கு. எவ்வளவுங்கறதுல சாரும் நானும் ஒத்துப்போக மாட்டோம், ஆனா இருக்கு. இவனுக்கு ஏற்கனவே கிருமித் தொந்தரவு. அடியில அழுக்குச் சேரும். பாட்டி தினமும் பாத்துக் கவலைப்படறாங்க. அதையும் நான் ஒரு காரணமாத்தான் எடுத்துக்கறேன். இன்னொண்ணு. போன வருஷம் ஒருத்தர் வந்தார், முப்பது வயசு, கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம வெட்கப்பட்டே வளர்ந்திருக்கார். 'என்னைச் சின்ன வயசுலயே யாராவது சரியாப் பாத்திருக்கலாமே'ன்னார். தானா சரியாயிடும்னு சொல்லி அனுப்பினவங்கள்ல எத்தனை பேருக்குச் சரியாகலைங்கறது நமக்குத் தெரியவே தெரியாது. அவங்க திரும்ப நம்மகிட்ட வர்றதில்ல."

இது நியாயமான பேச்சு. எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"இப்ப சார் கட்சி" என்றார். தம்பி இருந்த பக்கம் திரும்பாமலே பேசினார். "குழந்தை வயசுக்கு மேல எடை. கொழுப்பை அழுத்தினா உறுப்பு முழுசாத் தெரியுது, நீளம் சரி. முன்தோல் எடுத்த கோடு ஒழுங்கா இருக்கு. மிச்சம்னு தெரியறதுல பெரும்பங்கு கொழுப்புத் தள்றது. இப்ப வெட்டினா, இளைச்ச பிறகு தோல் இழுத்துப் பிடிக்கும். அப்படி இழுத்துப் பிடிச்ச ரெண்டு குழந்தைங்களை நானே பாத்திருக்கேன். அதுல ஒண்ணு நான் பண்ணினது." குறிப்பைப் புரட்டினார். "காய்ச்சல் நின்னுடுச்சு. அப்ப முதல் சிகிச்சை என்னத்துக்குப் பண்ணினதோ அது நடந்துடுச்சு. ஆகவே காத்திருக்கலாம்னு சார் சொல்வார்."

தம்பியே சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டான். அவன் பேசினால் நடுவில் பத்து 'ஆனா' வரும்.

"ரெண்டு கட்சியிலயும் சேராத விஷயம் ஒண்ணு இருக்கு" என்று அவர் தொடர்ந்தார். "ஒரு பக்கம் தோல் பாலம் மாதிரி ஒட்டி வளந்திருக்கு. இது சும்மா ஒட்டினது இல்ல, தடிச்சிருக்கு. வாசலின் தடவினா விடாது. தானா விடாது. வெட்டித்தான் பிரிக்கணும்."

தங்கச்சி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "சின்னண்ணா, அன்னைக்கு வீட்டுல பாத்தப்போ இது இருந்துச்சா?"

பெண் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் வாயைத் திறக்கத் தேவையில்லை. முதல் கை பேசாது என்ற வழக்கம் அவனைக் காப்பாற்றியிருக்கும். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

தம்பி பெரியவரைப் பார்த்தான். "பதில் சொல்லலாமா?"

"வாதமா, தகவலா?"

"தகவல்."

"சொல்லுங்க."

"இருந்துச்சு" என்றான். "கையில தட்டுப்பட்டுச்சு. சாதாரண ஒட்டல்னு நெனச்சேன். மடியில வச்சுப் பாத்தேன். மேசையில போட்டு வெளிச்சத்துல பாக்கல. என் ரூமுக்கு வர்ற எந்தக் குழந்தையையும் நான் அப்படிப் பாத்ததில்ல." பிறகு தங்கச்சியிடம், "என் தப்பும்மா" என்றான்.

மாமியார் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "வீட்டுல எல்லாரும் அப்படித்தானே பாப்பாங்க" என்றார், யாரையும் குறிப்பிடாமல்.

பெரியவர் மிட்டாயைக் கடித்து முடித்தார். "பாலத்துக்கு என் மருந்து வேணுமா?"

"வேணாம் சார்" என்றார் பெண் டாக்டர். "மரத்துப்போற களிம்பு தடவிட்டு இங்கேயே பண்ணிரலாம். அம்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"மீதித் தோலு?"

பெண் டாக்டர் கீழே வைத்த பேனாவை எடுத்தார். "நான் பண்ணிரலாம்னுதான் வந்தேன். சார் கட்சியை வாயால சொல்லிப் பாத்தப்புறம் இவன் விஷயத்துல எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்ல. நல்லா நடந்து ஓடட்டும். அப்ப ஒரு தடவை நானே பாக்கறேன். அம்மா என்ன சொல்றீங்க?"

தங்கச்சி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "மயக்கம் வேணாம்னா இன்னைக்கே பண்ணிருங்க. மத்தது அப்புறம்."

அன்றே செய்தார்கள். களிம்பு வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கச்சி மட்டும் உள்ளே போனாள். தம்பி வெளியே பெற்றோர் உட்காரும் நீல பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்தான். அந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த பக்கம் இருந்த ஒரு தகப்பன், "உங்க பிள்ளையா சார்?" என்று கேட்டார். "தங்கச்சி பிள்ளை" என்றான். "பயப்படாதீங்க, இங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்று அவர் தைரியம் சொன்னார். தம்பி அவருக்கு நன்றி சொன்னான்.

உள்ளேயிருந்து ஒரே ஒரு வீறல் கேட்டது. பிறகு கோபமான அழுகை. மாமியார் எழுந்து கதவருகே போய் நின்றார். தம்பி எழவில்லை. சிறிது நேரத்தில் அழுகை அடங்கி விக்கலாகி, கதவு திறந்தது. தங்கச்சி முகம் சிவந்திருந்தது. பூசணி அவள் கழுத்துச் சங்கிலியை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி கையை நீட்டினான். அவள் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே இவனுக்கு டாக்டர் அவங்கதான், சின்னண்ணா. நீங்க மாமனா மட்டும் இருங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேச்சும் இல்லை. தம்பி "சரிம்மா" என்றான். போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை, எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே நிற்கும் வண்டிகளைக் காட்டினான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு திருகாணி லூசாக இருக்கிறது என்று தெரிந்த லிஃப்டை இன்னொருவனிடம் விட்டு வருவது போல.

சொன்னபடியே இருந்தான். குழந்தைக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது போனில் அவனைத்தான் கூப்பிட்டாள், பழக்கதோஷம். "பக்கத்து ரூமுக்குத் தர்றேன்" என்று போனை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தான். மாமியார் இதைக் கேள்விப்பட்டு என்னிடம், "உங்க தம்பி ரோஷக்காரரோ?" என்றார். "இல்லம்மா, சொன்ன பேச்சு கேக்கறவன்" என்றேன். அவர், "அப்படி ஒரு ஆம்பளையை நான் பாத்ததில்ல" என்றார்.

பூசணி நடந்தான், ஓடினான், படியேறினான். பூசணிக்காய் புடலங்காய் ஆயிற்று. பெண் டாக்டர் மறுபடி பார்க்கிற நாள் வந்தது. தங்கச்சியும் மாமியாரும் போய் வந்தார்கள். தம்பிக்கு நாள் தெரியும், ஆனால் அன்று அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று நர்சு பின்னால் சொன்னார்.

அன்று மாலை நான் அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பையன் புது செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சொன்னேன். சிரித்தான். மாமியார் லிஃப்டில் ஏறப் பயந்து படியிலேயே இறங்கியதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தான். இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கேட்கவில்லை.

"ரெண்டாவது வேணாம்னுட்டாங்கடா" என்றேன். "எல்லாம் சரியா இருக்காம்."

அவன் தலையசைத்தான்.

"நீ சொன்னதுதான் சரின்னு ஆச்சு" என்றேன். எனக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"இவனுக்குச் சரி" என்றான். "போன மாசம் இதே மாதிரி ஒரு குழந்தைக்கு நான் பொறுக்கலாம்னேன், அவங்க வேணும்னாங்க. கூட்டத்துல அவங்க பக்கம் முடிவாச்சு. அவங்க பண்ணினாங்க. அந்தக் குழந்தையும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்ப யார் சொல்றதைத்தான் நம்பறது?"

"பக்கத்துல இருந்து நல்ல வெளிச்சத்துல பாத்தவங்களை நம்பு" என்றான். சட்டையைத் திருப்பிப் போட்டு மறு கையைத் தேய்க்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "செருப்பு என்ன கலர்?" என்று கேட்டான்.